கம்பளத்துக்கு அடியில் இருந்த தரை: ஒட்டிப்போன அடிமெத்தையை அகற்றும் முறைகள் பற்றி ஓர் ஆய்வு

முன்னுரை

அமெரிக்காவிலும் கனடாவிலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கட்டிய வீடுகளில் பலவற்றுக்கு ஓக் பலகையே தரை. சில வீடுகளில் மேப்பிள் இருக்கும். அமெரிக்கத் தென் மாநிலங்களின் பழைய வீடுகளில் நீண்ட ஊசியிலைப் பைன் மரத்தின் வைரப் பகுதி இருக்கும். 1950களுக்குப் பிறகு இந்தத் தரைகள் சுவரிலிருந்து சுவர்வரை விரித்த கம்பளத்தால் மூடப்பட்டன. இன்று அவ்வீடுகளை வாங்குவோர் கம்பளத்தைச் சுருட்டி எடுத்ததும் நல்ல மரம் வெளிப்படுகிறது. ஆனால் கம்பளத்துக்கு அடியில் போட்டிருந்த அடிமெத்தை முழுதாக வருவதில்லை. ஆட்கள் அதிகம் நடந்த வழியில் அது பிசுபிசுப்பாகவோ கல்போல இறுகியோ மரத்தோடு ஒட்டி நிற்கிறது. அறையைச் சுற்றி ஆணிப் பட்டையும் நூற்றுக்கணக்கான ஸ்டேப்பிள் பின்களும் மிஞ்சுகின்றன.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வாழும் ஈழத்தமிழர் உட்பட, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்து வீடுகளில் குடியேறிய தமிழர் பலருக்கும் இது நேரடியான கேள்வி. அதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. ஒன்று, தேய்ப்பு எந்திரத்தை வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் தேய்த்துவிடுவது. மற்றொன்று, கடையில் கிடைக்கும் மிகக் கடுமையான கரைப்பானை ஊற்றுவது. இரண்டும் சில இடங்களில் தேவைப்படலாம். ஆனால் முதல் வேலையாக இரண்டுமே தவறு. ஒட்டியிருப்பது எது, அது எந்தப் பூச்சின் மேல் ஒட்டியிருக்கிறது, பூச்சுக்குக் கீழே உள்ள பலகையின் கனம் என்ன ஆகிய மூன்றையும் அறிந்தபின் மிக மென்மையான முறையில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் அடுத்த படிக்குப் போவதே தரையைக் காப்பாற்றும் வழி. இதுவரை கையாளப்படும் முறைகளை அந்த நோக்கில் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரை.

கம்பளம் வந்த வரலாறு

ஜார்ஜியா மாநிலத்தின் டால்ட்டன் நகரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேதரின் எவன்ஸ் என்ற இளம்பெண் கையால் குஞ்சம் வைத்துத் தைத்த படுக்கை விரிப்புகள் ஒரு குடிசைத் தொழிலைத் தொடங்கிவைத்தன. பின்னர் அதே வேலையைச் செய்யும் எந்திரங்கள் வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த எந்திரங்கள் அகலமாகி, அறை முழுவதையும் மூடும் கம்பளத்தை விரைவாகத் தைக்கத் தொடங்கின. நைலான் இழை சேர்ந்ததும் விலை இறங்கியது. கம்பளியால் நெய்த கம்பளம் வாங்க முடியாத நடுத்தரக் குடும்பங்களும் கம்பளம் போட்டன. இன்றும் அமெரிக்கக் கம்பளத் தொழிலின் மையம் டால்ட்டன்தான்.

1960களில் அரசுக் காப்பீடு பெற்ற வீட்டுக்கடன்களில் கம்பளமும் முடிவுற்ற தரையாக ஏற்கப்பட்டது. அதன்பின் புதிய வீடுகளில் ஓக் பலகை போட வேண்டிய தேவையே குறைந்துபோனது. பழைய வீடுகளிலோ ஏற்கெனவே இருந்த ஓக் தரைமேல் கம்பளம் ஏறியது. தரை கெட்டுப்போனதால் மூடியவர்கள் சிலர். குளிருக்கும் சத்தத்துக்கும், மெழுகு தேய்த்துப் பராமரிக்கும் வேலை மிச்சம் என்பதற்கும் மூடியவர்களே அதிகம். அதனால்தான் கம்பளத்துக்கு அடியில் பெரும்பாலும் கெடாத தரை கிடைக்கிறது. அதை வெளியே எடுக்கும் வேலையில் கெடுத்துவிடாமல் இருப்பதே நம் பொறுப்பு.

அடிமெத்தையின் வகைகள்

அடிமெத்தை ஒரே பொருளால் ஆனதன்று. பழையது விலங்கு முடியும் சணலும் சேர்த்து அழுத்திய தடித்த நமுதா. இது பழுப்பு நிறத்தில் நார் நாராக இருக்கும். அடுத்து வந்தது ரப்பர்: அலையலையாகவோ கட்டங்கட்டமாகவோ வார்த்த நுரை ரப்பர் விரிப்பு. செலவைக் குறைக்க அதில் களிமண்ணோ சுண்ணாம்புத் தூளோ கலந்திருப்பார்கள். மூன்றாவது பாலியூரித்தேன் ஃபோம். நான்காவது, இன்று மிக அதிகமாகக் காணப்படுவது, பல நிற ஃபோம் துணுக்குகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த விரிப்பு. சோபா, மெத்தைத் தொழிற்சாலைகளின் கழிவு ஃபோம் இதில் மறுபடி பயன்படுகிறது. வண்ண வண்ணத் துணுக்குகளைக் கண்டதும் இதை அடையாளம் காணலாம்.

ஐந்தாவது வகை தனி அடிமெத்தை அன்று. கம்பளத்தின் முதுகிலேயே ரப்பர் நுரை பூசி, அதைப் பசை வைத்து நேராகத் தரையில் ஒட்டிய வகை. அறை முழுவதும் பசை பரவியிருப்பதால் எல்லாவற்றிலும் கடினமான வேலை இதுதான். கம்பளத் துண்டுகள் சேரும் இடங்களில் ஒட்டிய நாடாவின் பசையையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஒட்டுவது ஏன்

அடிமெத்தையைப் போட்டவர் பெரும்பாலும் பசை வைக்கவில்லை. சுற்றிலும் பின் அடித்தார், அவ்வளவுதான். அப்படியிருந்தும் அது ஒட்டிக்கொள்ள நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, மூப்பு. காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைத் தாக்குகிறது. இயற்கை ரப்பரில் சங்கிலிகள் அறுபடுவதால் அது இளகிப் பிசினாகிறது. செயற்கை ரப்பரில் சங்கிலிகள் ஒன்றோடொன்று மேலும் பிணைவதால் அது இறுகி நொறுங்குகிறது. ஒரு வீட்டில் பிசினும் மறு வீட்டில் தூளும் கிடைப்பதற்கு இதுவே காரணம். இரண்டாவது, அழுத்தம். நடைவழியிலும் கட்டில், பீரோ கால்களின் அடியிலும் மெத்தை நசுங்கி, பூச்சின்மேல் ஆண்டுக்கணக்கில் பதிகிறது. மூன்றாவது, ஈரம். சிந்திய நீர், கம்பளம் கழுவிய சோப்புநீர், நாய் பூனையின் சிறுநீர் ஆகியவை மெத்தையில் ஊறிப் பூச்சை இளக்குகின்றன. நான்காவது, தரையின் பூச்சே. மெழுகு பூசிய தரை கோடை வெப்பத்தில் இளகும். வெப்பக் காற்றுக் குழாய் தரைக்கடியில் போகும் இடத்தில் குளிர்காலத்திலும் இளகும். அந்த இளகலில் மெத்தையின் நார் புதைந்துகொள்கிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை தெரிகிறது. ஒட்டியிருப்பது மரத்தோடு அன்று, பெரும்பாலும் மரத்தின் மேலுள்ள பூச்சோடு. பூச்சை அறியாமல் மேலே உள்ளதை எடுக்கப் பார்ப்பது பாதி வேலையை இருட்டில் செய்வதாகும்.

பூச்சைக் கண்டறிதல்

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்க வீட்டுத் தரைகளுக்கு அரக்குப் பூச்சும் எண்ணெய் வார்னிஷும் மெழுகும் பெருவழக்காக இருந்தன. அந்த அரக்கில் பெரும்பங்கு இந்தியக் காடுகளிலிருந்து போனது. பாலியூரித்தேன் பூச்சு வீட்டுத் தரைகளில் பரவியது 1960களுக்குப் பின்புதான். ஆகவே அதற்கு முன்பே கம்பளம் போட்ட தரையில் அரக்கோ வார்னிஷோ மெழுகோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சோதிக்கச் சில சொட்டுகள் போதும். அலமாரிக்குள் அல்லது கதவுக்குப் பின்னால் கண்ணில் படாத ஓரிடத்தைத் துடைத்துவிட்டு, மினரல் ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பானில் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்க்க வேண்டும். துணியில் மஞ்சளோ பழுப்போ ஏறினால் மெழுகு உண்டு. பிறகு மர பாலிஷுக்குப் பயன்படும் ஸ்பிரிட்டை (ஆல்கஹால்) ஒரு சொட்டு விட வேண்டும். ஒரு நிமிடத்தில் பூச்சு பிசுபிசுத்தால் அது அரக்கு. இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ் அல்லது பாலியூரித்தேன்.

இந்தச் சோதனையின் பயன் பெரிது. அரக்குக்கு நீர் ஆகாது, வெளுத்துப்போகும். அமோனியா கலந்த துப்புரவு நீர் அதைக் கரைத்தேவிடும். ஸ்பிரிட்டும் கரைக்கும். ஆனால் மினரல் ஸ்பிரிட் அரக்கை ஒன்றும் செய்யாது. மெழுகுத் தரையில் இது நேர்மாறு: மினரல் ஸ்பிரிட் மெழுகைக் கரைத்து, அதில் புதைந்த நாரையும் சேர்த்தே விடுவிக்கும். ஆக, ஒரே புட்டி ஒரு தரைக்கு மருந்து, மறு தரைக்கு வெறும் துடைப்பு நீர்.

பலகையின் கனம்

வட அமெரிக்காவில் வழக்கமான ஓக் பலகை 2¼ அங்குல அகலமும் ¾ அங்குலக் கனமும் கொண்டது. பக்கவாட்டில் நாக்கும் காடியும் வைத்துப் பிணைத்திருப்பார்கள். இதில் தேய்க்கத் தகுந்த மரம் நாக்குக்கு மேலுள்ள பகுதி மட்டுமே, அதாவது ஏறத்தாழ கால் அங்குலம். ஒருமுறை முழுதாக எந்திரத்தால் தேய்த்தால் சுமார் 1/32 அங்குலம் போகும். கை பழகாதவர் தேய்த்தால் இன்னும் அதிகம் போகும்.

எல்லா வீட்டிலும் ¾ அங்குலம் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மேலிருந்தே ஆணி அடித்த 5/16 அங்குலப் பலகையும், 3/8 அங்குலப் பலகையும் போட்ட வீடுகள் ஏராளம். முன்பே இரண்டு தடவை தேய்த்த தரையாகவும் இருக்கலாம். வெப்பக் காற்று வரும் தரைத் துளையின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் பலகையின் விளிம்பு தெரியும். கனத்தை அங்கே அளந்துவிடலாம். அந்த ஒரு அளவு, எந்திரம் பற்றிய பாதிக் கேள்விகளுக்கு விடை சொல்லிவிடும்.

மரத்தின் மதிப்பும் இதில் சேர்கிறது. நீண்ட ஊசியிலைப் பைன் காடுகள் ஒருகாலத்தில் அமெரிக்கத் தென்பகுதியில் சுமார் 9 கோடி ஏக்கரில் பரந்திருந்தன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் அவற்றில் மிகப் பெரும்பகுதி வெட்டித் தீர்க்கப்பட்டது. மெல்ல வளர்ந்த அந்த மரத்தின் நெருங்கிய வளையங்கள் கொண்ட பலகை இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்காது. பழைய கட்டடங்களை இடிக்கும்போது மீட்டால்தான் உண்டு. தூளாகப் பையில் விழும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் திரும்பி வராத பொருள்.

கை வைக்கும் முன்: கல்நாரும் ஈயமும்

துப்புரவு முறைகளுக்கு முன் உடல்நலம். தரையில் இருப்பது கறுப்பாக, தார் போன்ற பசையாக இருந்தால் உடனே நிறுத்த வேண்டும். 9 அங்குலச் சதுர ஓடுகளுக்கும் வேறு தரைவிரிப்புகளுக்கும் அடியில் போட்ட பழைய தார்ப் பசையில் கல்நார், அதாவது அஸ்பெஸ்டாஸ், இருந்திருக்கலாம். அதைச் சுரண்டுவதும் உலரத் தேய்ப்பதும் நுண்ணிய நாரைக் காற்றில் கலக்கும். சிறு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வந்தபின்பே அடுத்த வேலை. கல்நார் உறுதியானால் உரிமம் பெற்றவர்களிடம் விட்டுவிட வேண்டும்.

ஈயமும் அப்படியே. அமெரிக்காவில் வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் 1978இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முற்பட்ட வீடுகளில் சுவர்ப் பட்டையிலும், அறை நடுவில் விரிப்பு போட்டு ஓரத்தை மட்டும் வண்ணம் பூசிய தரைகளிலும் ஈயம் இருக்கக்கூடும். இத்தகைய வீடுகளில் கூலிக்கு வேலை செய்வோர் ஈயப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2010இல் நடைமுறைக்கு வந்தது. சொந்த வீட்டில் தாமே வேலை செய்வோரை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் ஈயத்தூள் ஆளைப் பார்த்து வருவதில்லை. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் சோதிக்காமல் தேய்ப்பது பெரும் தவறு.

ஃபோம் தூளையும் எளிதாக எண்ண வேண்டாம். தீப்பற்றுவதைத் தடுக்க ஒரு காலத்தில் பாலியூரித்தேன் ஃபோமில் புரோமின் சேர்மங்களைச் சேர்த்தார்கள். அவற்றில் பரவலாக இருந்த ஒன்று 2004இல் அமெரிக்க உற்பத்தியிலிருந்து விலக்கப்பட்டது. கம்பளம் போடும் தொழிலாளர்களின் இரத்தத்தில் இச்சேர்மங்கள் மிகுந்திருந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. பழைய அடிமெத்தையை எடுக்கும்போது நுண்தூள் வடிகட்டும் முகமூடி அணிவது, துடைப்பத்தால் பெருக்காமல் ஹெபா வடிகட்டி உள்ள வெற்றிட எந்திரத்தால் உறிஞ்சுவது, சாப்பிடும் முன் கை கழுவுவது ஆகிய மூன்றும் கட்டாயம்.

உலர் முறை

முதல் படி எப்போதும் உலர்ந்ததாகவே இருக்க வேண்டும். கம்பளத்தைக் கீற்றுகளாக வெட்டிச் சுருட்டி எடுத்தபின், தளர்ந்த மெத்தையை எடுத்துவிட்டு, தூளை முழுவதும் உறிஞ்சிவிட வேண்டும். தூளாகிப் போன ரப்பர்மேல் முதலிலேயே தண்ணீர் படுமானால் அதிலுள்ள சுண்ணாம்பு சேறாகிப் பலகை இடுக்குகளில் இறங்கி உறைந்துவிடும். பிறகு அதை எடுப்பது மெத்தையை எடுப்பதைவிடக் கடினம்.

அடுத்து பிளாஸ்டிக் சுரண்டி. பட்டி பூசும் தகடு போன்ற அகலமான பிளாஸ்டிக் அலகைப் படுக்கைவாட்டில் சாய்த்து, மர ரேகை ஓடும் திசையிலேயே தள்ள வேண்டும். குறுக்கே தள்ளினால் மென்மையான பைனில் உடனே கோடு விழும். இறுகி நொறுங்கும் ரப்பரும் நமுதாவும் இந்த ஒரு படியிலேயே பெரும்பகுதி வந்துவிடும். மிஞ்சும் துணுக்குக்கு நைலான் தூரிகை போதும்.

பின்களை அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. மெல்லிய திருப்புளியால் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு, குறட்டால் பிடித்து உருட்டி எடுத்தால் இரு காலும் முழுதாக வரும். ஒடிந்த கால் மரத்துக்குள் தங்கினால் பின்னர் துருப்பிடித்துக் கறை விடும், உப்புத்தாளையும் கிழிக்கும். ஆணிப் பட்டையை நெம்பும்போது நெம்புகோலின் அடியில் மெல்லிய பலகைத் துண்டை வைத்தால் தரையில் பள்ளம் விழாது.

பலரும் இந்தப் படியை அற்பமாக நினைத்து விரைந்து கடக்கிறார்கள். உண்மையில் வேலையின் பெரும்பகுதி இங்கேதான் முடிகிறது. இங்கே செலவிடும் பொறுமை பின்னால் கரைப்பானையும் மரத்தையும் மிச்சப்படுத்தும்.

ஈர முறை

தண்ணீரை மரத்தின் எதிரி என்பார்கள். ஊற்றினால் எதிரிதான். பலகையின் அடிவரை ஊறிய நீர் ஓரங்களைத் தூக்கிக் குழியாக்கும், ஓக்கைக் கறுக்கச் செய்யும். ஆனால் வெந்நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியை ஒட்டுள்ள இடத்தில் சில நிமிடம் விரித்து வைத்தால் ஃபோம் துணுக்குகளும் சணல் நாரும் நீரில் கரையும் பசைகளும் இளகிவிடும். உடனே பிளாஸ்டிக் அலகால் எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். ஒரு முறைக்கு இரண்டு மூன்று சதுர அடிக்கு மேல் நனைக்கக் கூடாது. வார்னிஷ், பாலியூரித்தேன் தரைகளுக்கு இது நல்ல முறை. அரக்குத் தரைக்கும் பூச்சே போய் வெறும் மரமாக நிற்கும் இடத்துக்கும் ஏற்றதன்று.

நீராவித் துப்புரவு எந்திரத்தைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அது சூட்டையும் ஈரத்தையும் அழுத்தத்தோடு இடுக்குக்குள் செலுத்துவதால் பழைய பலகைத் தரைக்கு எவ்விதத்திலும் பொருந்தாது.

வெப்பமும் குளிரும்

சூட்டுக் காற்றுத் துப்பாக்கி பிசினை இளக்கும் என்பது உண்மை. ஆனால் அரக்கையும் மெழுகையும் அது அதைவிட முந்தி இளக்கும், ஈயம் இருந்தால் புகையாக்கும், தூளில் தீ வைக்கும். பயன் சிறிது, அபாயம் பெரிது. இளகிய ரப்பருக்குக் குளிர்தான் நல்லது. பனிக்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துப் பிசின் இறுகியதும் அலகால் தட்டினால் சில்லுகளாகப் பெயரும். சிறிய இடங்களுக்கு இது மிகத் துப்புரவான முறை.

கரைப்பான்கள்

உலர் முறையும் ஈர முறையும் தோற்ற இடத்தில்தான் கரைப்பான் தேவை. முதலில் எடுக்க வேண்டியது மினரல் ஸ்பிரிட். இயற்கை ரப்பர்ப் பிசினையும் நாடாப் பசையையும் மெழுகையும் இளக்கும். அரக்கு, வார்னிஷ், பாலியூரித்தேன் மூன்றையும் பெரும்பாலும் தொடாது. துணியில் நனைத்து விரித்து, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் ஆவியாகாமல் ஊறும். பிறகு அலகால் வழித்தெடுக்கலாம்.

ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்த கரைப்பான்கள் இதைவிடச் சற்று வலியவை. சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும். சோயா எண்ணெயிலிருந்து செய்யும் பசை நீக்கிகள் மெல்ல வேலை செய்பவை, ஆவி குறைவு, கம்பளப் பசைக்கு நல்ல பலன் தருபவை. ஆனால் தரையில் எண்ணெய்ப் படலத்தை விட்டுவிடும். அதை மினரல் ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைக்காவிட்டால் புதிய பூச்சு பிடிக்காது.

பாலியூரித்தேன் ஃபோம் விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். அதன் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்கும் பிணைந்தவை. சாதாரணக் கரைப்பான் எதிலும் அது கரையாது. கரைப்பான் அதை உப்பச் செய்து பிடியைத் தளர்த்தும், அவ்வளவே. எடுக்க வேண்டியது அலகும் நைலான் பட்டையும்தான். கரையவில்லையே என்று மேலும் கடுமையான திரவத்தைத் தேடிப் போகிறவர்கள் பூச்சைத்தான் இழக்கிறார்கள்.

அசிட்டோனும் லாக்கர் தின்னரும் வேகமாக வேலை செய்யும். அரக்கை உடனே அழிக்கும். எளிதில் தீப்பிடிக்கும். மெத்திலீன் குளோரைடு கலந்த வண்ண நீக்கிகளை மூடிய அறையில் பயன்படுத்தியவர்கள் மூச்சடைத்து இறந்ததுண்டு. 2019இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அவற்றைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடை செய்தது. பழைய டப்பா வீட்டில் கிடந்தாலும் தொடக் கூடாது.

கரைப்பான் எதுவானாலும் சன்னல் திறந்திருக்க வேண்டும். எரிவாயு அடுப்பு, நீர் சூடாக்கி ஆகியவற்றின் சிறு சுடர் அணைந்திருக்க வேண்டும். நனைந்த துணிகளைக் குவித்து வைக்காமல் வெளியில் விரித்து உலர்த்த வேண்டும்.

மிஞ்சும் கறைகள்

மெத்தை போன பிறகும் கறை நிற்கும். ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. இரும்பும் ஈரமும் சேர்ந்தால் அந்த டானின் கருநீலமாக மாறும். துருப்பிடித்த பின் இருந்த இடத்தில் கறுப்புப் புள்ளி விழுவது இதனால்தான். ஈரத் தரையில் எஃகுக் கம்பளியால் தேய்க்கக் கூடாது என்பதும் இதனால்தான். நைலான் பட்டை போதும்.

கருநீலக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம் நல்ல மருந்து. ஆனால் அது பூச்சு இல்லாத மரத்தில்தான் வேலை செய்யும். அது நஞ்சு, எனவே கையுறையும் கண்ணாடியும் தேவை. வேலை முடிந்ததும் பலமுறை நீர்த்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். தங்கிய படிகத்தை உலரத் தேய்த்தால் தூள் தொண்டையையும் நுரையீரலையும் எரிக்கும். விலங்குச் சிறுநீரால் ஆழக் கறுத்த இடம் பெரும்பாலும் எந்த அமிலத்துக்கும் முழுதாக இணங்காது. அங்கே அந்தச் சில பலகைகளை மட்டும் மாற்றுவது, அறை முழுவதையும் ஆழத் தேய்ப்பதைவிடச் சிறந்தது. அலமாரிக்குள்ளிருந்து அதே வயதுப் பலகையை எடுத்து இங்கே போட்டு, அங்கே புதியதைப் போடுவது அனுபவசாலித் தச்சர்களின் வழக்கம்.

எந்திரத் தேய்ப்பு பற்றிய வழக்கு

தரைத்தொழில் செய்வோர் பலர், துப்புரவில் நேரம் வீணாக்காமல் நேராகத் தேய்த்துவிடச் சொல்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. பூச்சு என்னவென்று தெரியாத தரைமேல் புதிய பூச்சுக்கு அவர்களால் உத்தரவாதம் தர முடியாது. வெறும் மரம்வரை போனால் தரை முழுவதும் ஒரே நிறமாக அமையும். வேலையும் ஓரிரு நாளில் முடியும்.

மறுபுறம், அமெரிக்க உள்துறையின் வரலாற்றுக் கட்டடப் பாதுகாப்பு நெறிகள், எந்த ரசாயன முறையும் இயற்பியல் முறையும் இயன்ற அளவு மென்மையானதாக இருக்க வேண்டும் என்கின்றன. சாதாரண வீட்டுக்காரரைச் சட்டப்படி அது கட்டுப்படுத்தாவிட்டாலும், அதன் நியாயம் எல்லா வீட்டுக்கும் பொருந்தும். பூச்சை மறுபடி பூசலாம், மரத்தை மறுபடி பூச முடியாது.

இவ்விரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஒன்று உண்டு. ஒட்டியிருக்கும் ரப்பரையும் பசையையும் எடுக்காமல் எந்திரத்தை ஏற்றக் கூடாது. உருளும் உப்புத்தாளின் சூட்டில் பிசின் உருகித் தாளை அடைத்துவிடும். அடைத்த தாள் மரத்தை அறுக்காமல் சுடும், பிசினை ரேகைக்குள் தள்ளும். அங்கே பின்னர் பூசும் பூச்சு சுருங்கிப் புள்ளி புள்ளியாக விலகும். ஆகவே எந்திரத்தை நம்புகிறவரும் துப்புரவைத் தவிர்க்க முடியாது.

நம் முடிவு இது: பூச்சு பெரும்பகுதி நிற்குமானால் நுண்வலையிட்ட எந்திரத்தால் மேற்பரப்பை மட்டும் லேசாகத் தேய்த்துப் புதிய பூச்சு போடுவதே போதும். பூச்சு முழுவதும் அழிந்திருந்தாலோ, பசை அறை முழுவதும் இறங்கியிருந்தாலோ, பலகையும் போதிய கனமாக இருந்தால் முழுத் தேய்ப்பு நியாயமே. பலகை மெலிந்திருந்தால் எந்தக் காரணத்துக்காகவும் உப்புத்தாள் சுற்றிய உருளை கொண்ட ட்ரம் எந்திரம் கூடாது. பூச்சுத் தூள் நிறைந்த பை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், தேய்ப்பு முடிந்த அன்றே அதை வீட்டுக்கு வெளியே காலி செய்ய வேண்டும்.

புதிய பூச்சு

துப்புரவு முடிந்தது என்பதற்குக் கண் மட்டும் சாட்சியாகாது. வெளிச்சத்தைத் தரையோடு சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். மினரல் ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். பழைய அரக்குத் தரையில் புதிய அரக்கு, பழையதைச் சற்றே கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். ஆதலால் அங்கே தேய்ப்பே தேவைப்படுவதில்லை. மெழுகு இருந்த தரையில் பாலியூரித்தேன் பிடிக்காது. மெழுகை முற்றும் நீக்க வேண்டும், அல்லது மெழுகாலேயே மறுபடி பேண வேண்டும். எதுவானாலும் மறைவான இரண்டு அடியில் பூசிப் பார்த்து, நன்கு உலர்ந்தபின் நாடாவை ஒட்டிப் பிய்த்துச் சோதித்த பிறகே அறை முழுவதும் போக வேண்டும்.

முடிவுரை

பழைய மரத்தரைகள் அடிமெத்தையால் அழிவது குறைவு. அதை அகற்றும் அவசரத்தால் அழிவதே மிகுதி. ஒட்டியிருப்பது, பூச்சு, பலகை ஆகிய மூன்றையும் அறியாமல் தொடங்கும் எந்த முறையும் சூதாட்டமே. அறிந்து தொடங்கினால் அலகும் துணியும் மினரல் ஸ்பிரிட்டும் பெரும்பாலான அறைகளுக்குப் போதுமானவை. கல்நார், ஈயச் சோதனைக்கு ஆகும் செலவு இந்த வேலையில் யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாத செலவு.

இப்படியொரு வீட்டை வாங்கியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்திரத்தை வாடகைக்கு எடுக்கும் முன், அலமாரிக்குள் ஒரு சதுர அடியில் மெத்தையை நீக்கி, ஒட்டியிருப்பது, பூச்சு, பலகையின் கனம் ஆகிய மூன்றையும் சோதித்து, மென்மையான முறைகளை வரிசையாக முயன்று பாருங்கள். அந்த ஒரு சதுர அடியில் எந்த முறை வெல்கிறதோ அதையே அறை முழுவதற்கும் கையாளுங்கள், அதைவிடக் கடுமையான எதையும் தொடாதீர்கள்.